தெற்கு பார்த்த வீட்டின் யன்னல் கோடு

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் கையெழுத்து கோழி கிளறினது போல இருக்கும். சின்ன ர எங்கே வரும், பெரிய ற எங்கே வரும் என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயம் இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோன ஆள் நான். ஆனால் எங்கள் தெருவில் அந்தப் பழைய வீடு தப்பிய கதையை இப்போது மூன்று விதமாகச் சொல்கிறார்கள். ஒன்றில் நான் நகரசபையில் மேசையில் அடித்துப் பேசினேனாம். என் வாழ்நாளில் நான் எந்த மேசையிலும் அடித்ததில்லை. அதனால்தான் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

ஏழு வருடங்களுக்கு முன் ரொறன்ரோவின் ஸ்காபரோ அடுக்குமாடியை விட்டு, வடக்கே ஸ்ரௌவ்வில் பக்கம் வீடு பார்க்க வந்தோம். வீடு பார்க்கப் போகும்போது எங்கள் ஆட்கள் அளவு நாடாவை மறந்தாலும் திசை பார்க்கிற கொம்பாஸை மறக்கமாட்டார்கள். எங்களைக் கூட்டிப்போன முகவர் தன் போனை வாசற்படியில் வைத்து, குனிந்து பார்த்து, "கிழக்கெண்டு ஒரேயடியாச் சொல்லேலாது அண்ணை. கொஞ்சம் ஈசானப் பக்கம் சரிஞ்ச கிழக்கு. அது இன்னும் விசேஷம்" என்றார். வாங்கிக் குடிவந்த பிறகுதான் தெரிந்தது, இந்தப் பகுதியில் எல்லா வீடுகளும் அப்படித்தான் என்று. தெருக்கள் வடக்குத் தெற்காக நேரே ஓடாமல் கொஞ்சம் திருகி ஓடுகின்றன. வீடுகளும் தெருவோடு சேர்ந்து திருகி நிற்கின்றன. முகவர் எல்லோருக்கும் அதே விசேஷத்தைத்தான் விற்றிருந்தார்.

தெரு முடிகிற இடத்தில், வேலி போட்ட ஒரு துண்டு நிலத்தில், அந்தச் செங்கல் வீடு நின்றது. முன்பு பண்ணை வீடு. சுற்றியிருந்த வயல் எல்லாம் எங்கள் வீடுகளாகிவிட்டன. யன்னல், கதவு எல்லாவற்றையும் பலகையால் மூடியிருந்தார்கள். அது எங்கள் தெருவுக்கும் பொருந்தாமல், அப்பால் ஓடும் பெரிய தெருவுக்கும் பொருந்தாமல், தன்பாட்டில் ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது. கோபித்துக்கொண்டு கதிரையைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்த மனிதன் மாதிரி.

அந்தப் பலகைகளை அடித்தது நான்தான். நான் வேலை செய்வது காணி பராமரிக்கிற ஒரு சின்னக் கொம்பனியில். கோடையில் புல் வெட்டுவோம், மாரியில் பனி தள்ளுவோம். வீடு கட்டுகிறவர்கள் வாங்கிப்போட்டிருக்கும் பழைய கட்டடங்களை மாதம் ஒரு தடவை சுற்றிப் பார்த்து, பலகை கழன்றதா, றக்கூன் பிராணி புகுந்ததா, கூரை ஒழுகுதா என்று தாளில் குறித்துக் கொடுப்பதும் எங்கள் வேலை. அதற்கு என்னைத்தான் அனுப்புவார்கள். யாரோடும் பேசத் தேவையில்லாத வேலை என்றால் எனக்குப் பிடிக்கும் என்று வேலை பிரிக்கிற போர்மனுக்குத் தெரியும்.

அப்படித்தான் இந்த வட்டாரத்தை நான் தெரிந்துகொண்டேன். வரலாறு படித்து அல்ல, பூட்டைத் திறந்து. ஒரேயொரு அறை உள்ள கல்லுப் பள்ளிக்கூடங்கள், பெடியளுக்கு ஒரு வாசல், பெட்டையளுக்கு ஒரு வாசல். கார் நிறுத்த இடமில்லாத, ஆனால் குதிரை கட்டக் கொட்டில் உள்ள சின்னத் தேவாலயங்கள். ஓடைத் தண்ணீர் வற்றி நின்றுபோன மா அரைக்கும் ஆலை. வாசலில் பலகை நட்டு ஏதாவது எழுதியிருந்தால் படம் எடுத்துக்கொண்டு வருவேன். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மனைவி வாசித்துச் சொல்லுவாள். அவள் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள், அவளுடைய ஆங்கிலம் என்னுடையதைவிட எவ்வளவோ நல்லது. வந்தவர்கள் முதலில் காட்டு மரத்தை வெட்டி மரவீடு கட்டினார்கள், கொஞ்சம் நிமிர்ந்த பிறகு செங்கல் வீடு கட்டினார்கள் என்று அவள் வாசித்துத்தான் எனக்குத் தெரியும். அதற்கும் முன்னால் இந்த ஆற்றங்கரைகளில் வாழ்ந்த முதற்குடிகளின் வீடுகளுக்குப் பலகையும் இல்லை, பூட்டும் இல்லை. அவை மண்ணுக்குள் போய்விட்டன.

இனி, தெருவே அண்ணை என்று கூப்பிடும் ஒருவரைச் சொல்லவேண்டும். பழைய வீட்டுக்கு நேர் முன்னால் இருப்பவர். எங்களுக்கு இந்தத் தெருவைக் காட்டித் தந்ததே அவர்தான். நல்ல மனிதர், ஆனால் ஒரு நினைப்பு வந்தால் விடமாட்டார். அந்த வீட்டின் செங்கல் மூலை தன் வாசலைக் குத்துகிறது என்பது அவருடைய நினைப்பு. மூலைக்குத்து. மகனுடைய சம்பந்தம் இரண்டு தரம் குழம்பியதும், மனைவிக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை செய்ததும், மார்கழியில் வீட்டுச் சூடாக்கி நின்றுபோனதும் அந்த மூலையால்தான். கண் படாமலிருக்க வாசலில் நாவூறு முகம் ஒன்றைப் பல்லைக் காட்டியபடி தொங்கவிட்டிருந்தார். தபால்காரப் பெண் அதை ஹலோவீன் பேய்ப் பொம்மை என்று நினைத்து ஒவ்வொரு வருடமும் பாராட்டுவாள்.

போன வருடம் இலையுதிர் காலத்தில், ஒரு சனிக்கிழமை, நான் காருக்குக் குளிர் டயர் மாற்றிக்கொண்டிருந்தேன். அண்ணை ஒரு தாளோடு வந்தார்.

"தம்பி, உதில ஒரு கையெழுத்துப் போடு."

"என்னண்ணை உது?"

"உந்தப் பாழ் வீட்டை இடிக்கக் கேட்டு வீடு கட்டிறவை நகரசபைக்கு எழுதியிருக்கினம். தெருச் சனமும் ஓமெண்டு சொன்னால் கெதியா நடக்கும். தெற்கு வாசலடா! யமனைப் பாத்துக்கொண்டு வீடு கட்டினவன் உருப்படுவானே?"

கை முழுக்கக் கிறீஸ். காரின் பொனற்றில் தாளை வைத்து, வாசிக்காமல் கையெழுத்துப் போட்டேன். ஆறுதலாக இருந்து வாசித்தாலும் பாதிதான் விளங்கியிருக்கும். அதைவிட, அண்ணைக்கு எப்படி இல்லையென்று சொல்வது?

தை மாதம் வழக்கம்போல அந்த வீட்டைப் பார்க்கப் போனேன். காற்றில் தெற்குப் பக்க யன்னல் பலகை ஒன்று பாதி கழன்று ஆடிக்கொண்டிருந்தது. முழுவதையும் கழற்றிவிட்டுத் திருப்பி அடிக்கலாம் என்று இறக்கினேன். பிறகு கை விறைத்துப்போனதால் உள்ளே போய்த் தேநீர் குடிக்க நினைத்தேன்.

பலகை அடித்த நாளிலிருந்து அந்த அறையை நான் ரோச் லைற்றில்தான் பார்த்திருந்தேன். இப்போது யன்னலால் வெயில் புகுந்து, அறையைக் கடந்து, பின்சுவர் வரைக்கும் போய்க் கிடந்தது. வெளியே சைபருக்குக் கீழே பதினைந்து. உள்ளே, அந்த வெயிலில் நின்றால், கோட்டுப் பொத்தானைக் கழற்றலாம் போல இருந்தது.

பிளாஸ்கை யன்னலின் அடிப்பலகையில் வைத்தேன். எங்கள் வீட்டு யன்னலில் ஒரு கோப்பையும் நிற்காது. இது ஒரு முழம் அகலம். அப்போதுதான் சுவர் இவ்வளவு தடிப்பா என்று யோசித்தேன். பக்கத்தில் சாந்து உதிர்ந்த இடத்தை விரலால் தட்டிப் பார்த்தேன். உள்ளே செங்கல் இல்லை. கோடரியால் சதுரமாகச் செதுக்கிய பெரிய மரங்கள், ஒன்றின்மேல் ஒன்று. உக்கவில்லை. சாவியால் குத்தினேன், சாவிதான் வழுக்கியது.

பிளாஸ்கை எடுக்கும்போது அதன் கீழே ஒரு கோடு தெரிந்தது. யன்னல் சட்டத்தின் ஓரத்தில் தொடங்கி, அடிப்பலகை முழுக்க, உள்நோக்கி நேராகக் கத்தியால் ஆழமாக வெட்டிய கோடு. யாரோ பொழுதுபோகாமல் கீறியது என்று விட்டிருப்பேன். ஆனால் சட்டத்தின் நிழல் அந்தக் கோட்டை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. தேநீர் முடியுமட்டும் பார்த்தேன். நிழலின் ஓரம் மெல்ல வந்து கோட்டில் படுத்தது. மயிரிழையும் பிசகவில்லை. போனைப் பார்த்தேன், பன்னிரண்டு இருபத்தாறு. போனில் கொம்பாஸையும் திறந்தேன். சரிந்த தெற்கு இல்லை. நேர் தெற்கு.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் படத்தைக் காட்டினேன்.

"பன்னிரண்டு இருபத்தாறு என்ன கணக்கு? பன்னிரண்டெண்டாலும் பரவாயில்லை" என்றேன்.

அவள் சமையலறையில் தொங்கிய நாட்காட்டியைக் கழற்றினாள். ரொறன்ரோவுக்கென்று கணித்து, தமிழ்க் கடையில் சும்மா கொடுக்கிற நாட்காட்டி. ராகுகாலம் பார்க்க அவள் அதைத்தான் நம்புவாள். அன்றைய சூரிய உதயத்தையும் அத்தமனத்தையும் எடுத்து நடுவைக் கண்டாள்: அதே பன்னிரண்டு இருபத்தாறு.

"இஞ்சாருங்கோ, இதுதான் உச்சி. மணிக்கூட்டுப் பன்னிரண்டு வேற, சூரியன்ர பன்னிரண்டு வேற. அந்த வீட்டாக்கள் சூரியனைப் பாத்துத்தான் மத்தியானம் சாப்பிட்டிருக்கினம்."

அன்றிரவு படுக்கையில் எனக்கு மெல்ல மெல்ல விளங்கியது. தெரு இருந்திருந்தால் தெருவைப் பார்த்துக் கட்டியிருப்பார்கள், எங்களைப்போல. தெரு வருவதற்கு முன்னம் வந்த யாரோ, காட்டுக்கு நடுவே, மாரி வெயில் உள்ளே வரட்டும் என்று சூரியனைப் பார்த்து அந்த வீட்டை வைத்திருக்கிறார்கள். செங்கல் பிறகு போட்ட சட்டை.

அடுத்த கிழமை நகரசபையிலிருந்து கடிதம் வந்தது. வீட்டை இடிப்பதா என்று முடிவெடுக்க மாசியில் கூட்டம் என்றும், தெருச் சனத்தின் ஆதரவு இணைக்கப்பட்டுள்ளது என்றும் எழுதியிருந்தது. மனைவி பின்தாளைப் புரட்டி வாசித்தவள் நிறுத்தினாள்.

"நீங்கள் என்ன, வீடு முழுக்க உக்கிப்போச்செண்டு சொன்னனீங்களோ?"

என் பெயருக்குப் பக்கத்தில் அண்ணை ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்: இவர்தான் இந்த வீட்டைப் பார்த்துக்கொள்பவர், உள்ளே எல்லாம் உக்கி ஆபத்தாக இருக்கிறது என்று இவரே சொல்கிறார். மற்றவர்களின் பெயர் வெறும் பெயர். என்னுடையதுதான் சாட்சி. அந்த வீடு இடிபட்டால் நான் சொல்லாத சொல்லால் இடிபடும்.

அண்ணையிடம் போனேன். வாசலில் நாவூறு முகத்தைப் பார்த்துக்கொண்டு இரண்டு நிமிடம் நின்ற பிறகுதான் மணியை அடித்தேன்.

"அண்ணை, என்ர பேரை எடுக்கவேணும்."

"ஏன்டா?"

"உக்கிப்போச்செண்டு நான் சொல்லேல்லை."

"றக்கூன் புகுந்ததெண்டு சொன்னாய்தானே?"

"றக்கூன் புகுந்தால் உக்கினதோ? உங்கட கராஜுக்குள்ளயும்தான் புகுந்தது."

அவருடைய மனைவி உள்ளேயிருந்து சிரித்தா. அண்ணைக்கு முகம் சிவந்தது.

"தெற்கு வாசலுக்கு வக்காலத்து வாங்க வந்திட்டார்! யமன் எந்தத் திசையால வாறவனெண்டு தெரியுமோ உனக்கு?"

"இஞ்ச அவன் வடக்காலதான் அண்ணை வாறவன். பனிக்காத்தோட. அந்த வீடு அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிக்குது."

இது என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது. அண்ணை கதவைச் சாத்திவிட்டார். இத்தனை வருடப் பழக்கத்தில் அவர் என் முகத்தில் கதவைச் சாத்தியது அதுதான் முதல்.

போர்மனிடம் சொன்னேன். "பலகை கழன்றதா இல்லையா என்பதுதான் கொம்பனி வேலை. மற்றதை உன் நேரத்தில் பேசு" என்றார். கூட்டத்தன்று மனைவி வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்தாள். நான்கு வசனம் பாடமாக்கியிருந்தேன். என் பெயரைக் கூப்பிட்டபோது முதல் வசனம் மறந்துபோனது. அதனால் இரண்டாவதிலிருந்து தொடங்கினேன். அந்தத் தாளில் இருக்கும் சொல் என்னுடையதல்ல. என் பெயரை எடுத்துவிடுங்கள். வீடு உக்கவில்லை. அவ்வளவுதான். பிறகு போனில் இருந்த படத்தை நீட்டினேன்.

பழைய கட்டடங்களைப் பார்க்கும் குழுவிலிருந்து வந்திருந்த நரைத்த தலைப் பெண் ஒருத்தி படத்தை வாங்கி, கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தா. "இது யன்னலா? எந்தப் பக்க யன்னல்?" என்றா. தெற்கு என்றேன். அவ பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னா. இந்த வீட்டைப் பற்றி வந்த அறிக்கையில், இங்கே நூற்றுக்கணக்கில் கிடக்கும் செங்கல் வீடுகளில் இதுவும் ஒன்று, பாதுகாக்க விசேஷ காரணம் இல்லை என்றுதான் இருந்ததாம். மரச்சுவரைப் பற்றியோ கோட்டைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. முடிவைத் தள்ளிவைத்து, நேரில் வந்து பார்ப்பது என்று தீர்மானித்தார்கள். நான் சொன்ன நேரத்தில் நிழல் கோட்டில் விழுகிறதா என்று தங்கள் கண்ணால் பார்க்கவேண்டும் என்றா அவ.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை, வெயில் நாள். குழுவில் நான்கு பேர், கட்டடக் கொம்பனியிலிருந்து ஒரு இளம் பெண், மனைவி, நான். அண்ணையும் வந்தார். கழுத்தில் மவ்ளர், கையில் கொம்பாஸ். என் பொய்யைப் பிடிக்க வந்தவர் போல ஒரு மூலையில் நின்றார்.

பன்னிரண்டு இருபதுக்கு நான் யன்னல் பலகையை இறக்கினேன். வெயில் விழுந்தது. எல்லோரும் குனிந்தார்கள். நிழல் கோட்டுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

இருபத்தாறு ஆனது. முப்பது ஆனது. நிழல் கொஞ்சம் நகர்ந்தது, கிட்டவும் வரவில்லை. கொம்பனிப் பெண் போனைப் பார்த்தா. குழுவில் ஒருவர் கையுறையைப் போட்டுக்கொண்டார். நரைத்த தலைப் பெண் என்னைப் பார்த்து, பரவாயில்லை என்பதுபோலச் சிரித்தா. அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தை மாதம் நான் பார்த்தது என்ன, கனவா? மனைவி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"டேய் மடையா! ரண்டு கிழமைக்கு முன்னம் மணி மாத்தினதெல்லோ!"

எல்லோரும் அண்ணையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"கோடைக்கெண்டு ஊர் முழுக்க மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்கு வைச்சதெல்லோ! சூரியனுக்கு உது தெரியுமே? போன கிழமை கோயில்ல ராகுகாலம் எத்தினை மணிக்கெண்டு ஐயரோட சண்டை பிடிச்சுப்போட்டு வந்தனான்!"

சொல்லி முடித்த பிறகுதான், தான் எந்தப் பக்கத்து ஆள் என்பது அவருக்கு நினைவு வந்தது. வாயைக் கையால் பொத்தினார். மனைவி அதை ஆங்கிலத்தில் சொன்னதும் நரைத்த தலைப் பெண் நெற்றியில் தட்டிக்கொண்டு சிரித்தா. இந்த முறை வேறு சிரிப்பு. "நாங்கள் நான்கு பேர் இருக்கிறோம், எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லையே" என்றா.

இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. ஒருவரும் போகவில்லை. அண்ணை மட்டும் விறுவிறு என்று வெளியே போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் நினைத்தேன். கால்மணி நேரத்தில் தன் மனைவியோடு திரும்பி வந்தார். அவ கையில் பொரித்த ரோல்ஸ் தட்டு, அவர் கையில் தேநீர்ப் போத்தல்.

"வெறும் வயித்தோட ஆக்கள் நிக்கினம்" என்றா அவ, யாரையும் பார்க்காமல். மூலைக்குத்து வீட்டுக்குள் அவ கால் வைத்தது அன்றுதான் முதல் தடவை. சுவரிலிருந்த மரங்களைத் தொட்டுப் பார்த்தா. "நல்ல சூடாக் கிடக்கு" என்றா.

காத்திருந்த நேரத்தில் நரைத்த தலைப் பெண் கதை சொன்னா. தெருக்கோடுகள் போட்டு மரம் வெட்டித் திறப்பதற்கு முன் சிலர் ஒற்றையடிப் பாதையால் வந்து குடியேறினார்களாம். வீட்டில் மணிக்கூடு இருக்காது. வயலில் நிற்பவர்களைச் சாப்பிடக் கூப்பிடுவதற்கு யன்னலில் இப்படி ஒரு கோடு. இருக்கலாம் என்று கேள்விப்பட்டிருக்கிறாவாம், இந்தப் பகுதியில் ஒன்றையும் கண்டதில்லையாம்.

ஒன்று இருபத்துநான்குக்கு நிழல் கோட்டில் படுத்தது. ஒருவரும் கைதட்டவில்லை. ரோல்ஸ் கடித்துக்கொண்டிருந்தவர்கள் கடிப்பதை நிறுத்தினார்கள், அவ்வளவுதான். அண்ணை கொம்பாஸைக் கோட்டின்மேல் வைத்தார், பார்த்தார், பொக்கற்றுக்குள் போட்டார்.

"நேர் தெற்கு" என்றார். பிறகு என்னிடம், "நான் ஏன்டா வாயைத் திறந்தன்?" என்றார்.

"எனக்கும் அதுதான் அண்ணை விளங்கேல்லை."

"பிழையான நேரத்தைச் சரியெண்டு விட ஏலாதடா. அது வேற விசயம்."

கோடை தொடங்கும்போது முடிவு வந்தது. வீடு நிற்கும். கட்டடக் கொம்பனி அதைத் திருத்தி, ஒரு குடும்பம் இருக்கக்கூடியதாக விற்கவேண்டும். அந்த மூலையில் கட்ட இருந்த இரண்டு புது வீடுகள் இல்லை. நகரசபையிலிருந்து எனக்குத் தனியாக ஒரு சின்னக் கடிதம்: இடிக்கக் கேட்ட தாளிலிருந்து உங்கள் பெயரும் அதன் பக்கத்துக் குறிப்பும் நீக்கப்பட்டன. அதை மனைவி இரண்டு தரம் வாசித்தாள். மற்றக் கடிதங்களைப் போல அதை மேசை லாச்சிக்குள் போடவில்லை, குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினாள். அண்ணைக்கும் ஒரு நியாயம் கிடைத்தது. அவருடைய வாசலுக்கும் அந்த மூலைக்கும் நடுவே ஒரு மரம் நட்டுத் தருவதாகச் சொன்னார்கள். வேம்பு வைக்க ஏலுமோ என்று கேட்டாராம். கடைசியில் குளிர் தாங்கும் சீடர் மரம் ஒன்று வைத்திருக்கிறார்கள். அதற்கு அவரே தண்ணீர் விடுகிறார்.

நேற்றுப் பலகைகளை இறக்குகிற வேலை எனக்கு வந்தது. பதினான்கு யன்னல், இரண்டு கதவு. ஏணியை அண்ணை பிடித்துக்கொண்டு, ஸ்குரூவை எங்கே போடுகிறாய், விழுத்தாதே, மெல்ல, என்று கத்திக்கொண்டே நின்றார். மழைத்தூறல், வெயில் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு பலகையாக இறங்க இறங்க உள்ளே வெளிச்சம் ஏறிக்கொண்டு வந்தது. கடைசிப் பலகையை அவரிடம் இறக்கிக் கொடுத்தபோது, ஏணிக்குக் கீழே நின்றபடி அவர் யன்னலால் எட்டிப் பார்த்தார்.

"ஆர் வாங்கப்போயினமோ?" என்றார். "நல்ல சனமா வந்தால், பால் காய்ச்சச் சொல்லவேணும்."

2025 ஒக்டோபர் 19, ஞாயிற்றுக்கிழமை